வாகும் வாயும்

பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ஒற்றை அறைதான் அவளுடைய தையல் கடை. நிமிர்ந்து நடந்தால் தலை இடிக்கும். அதனால் எப்பேர்ப்பட்ட ஆளும் உள்ளே வரும்போது கொஞ்சம் பணிவாகத்தான் வருவார். தெருவுக்கு அவள் இஞ்சக்கா. எந்த யூனிஃபார்மைத் தைத்துக் கொடுத்தாலும், "உள்ள ரெண்டு இஞ்சு விட்டிருக்கேன், பிள்ளை வளர்ந்தா பிரிச்சு விட்டுக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே வந்த பெயர். ஆளும் ஒல்லி. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றால் டேப் எது, ஆள் எது என்று தெரியாது என்பான் பக்கத்துக் கடைச் செருப்புக்காரன். அவளும் சிரித்துக்கொள்வாள்.

அளவெடுப்பதில் அவளை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. பிள்ளையின் தோளைத் தொட்டாலே இது யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவாள். அவளுடைய அளவு நோட்டில் குடும்பம் குடும்பமாகப் பக்கங்கள் உண்டு. ரொட்டிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இடது தோள் இறக்கம், அப்பனுக்கும் அப்படியே. பல் டாக்டர் வீட்டுப் பெண்கள் ஏழாம் வகுப்பு வரை குச்சி, எட்டாவதில் இடுப்பு ஒரேயடியாக நாலு இஞ்சு ஏறும். அம்மாவுக்கும் அந்த வயதில் அப்படித்தான் ஏறியதாம். அதனால் அந்த வீட்டு ஸ்கர்ட்டுகளுக்கு மட்டும் மூன்று இஞ்சு உள்ளே விடுவாள். இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பதிமூன்று வருஷமாகப் பிள்ளைகளின் உடம்பைச் சுற்றி டேப்பைப் போட்டு எடுத்தவளுக்கு, உடம்பு என்பது வழிவழியாக வருகிற சமாசாரம் என்று தெரியாமல் போகுமா?

கடைக்கு வரும் அம்மாமார்கள் வாய்விட்டுச் சொல்வார்கள்: "சும்மாவா சொன்னாங்க, தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலைன்னு." சொல்லிச் சிரிக்கிற நேரம் பார்த்துப் பள்ளிக்கூடம் விட்டுவிடும். இஞ்சக்காவின் பெரிய மகள் பையைத் தூக்கிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே நுழைவாள். அவளுக்குப் பதினாலு வயது. நல்ல உயரம், தொண்ணூற்றாறு கிலோ. அவள் உள்ளே வந்ததும் அந்த அறையில் மற்றவர்களுக்கு நிற்க இடம் இருக்காது. சிரித்தவர்களின் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடும். தாயைப் பார்ப்பார்கள், மகளைப் பார்ப்பார்கள். பழமொழியை விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது.

நாக்கு நீண்ட ஒருத்தி கேட்டே விடுவாள்: "யார் உடம்பு வாகுக்கா இது? உங்க வீட்டுக்காரரும் ஒல்லிதானே?"

இஞ்சக்கா தையலிலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொல்வாள்: "வாகெல்லாம் இல்லைங்க. வாய்."

கேட்டவர்கள் சிரிப்பார்கள். மகள் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து காஜா எடுத்த சட்டைகளுக்குப் பட்டன் தைக்கத் தொடங்குவாள். இது ஒருநாள் இரண்டு நாள் கூத்து அல்ல. ஏழெட்டு வருஷம், மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவள் இதைச் சொன்னாள். இஞ்சக்கா நல்லவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலத்தான் இருக்கிறது, இன்றைக்கு நினைத்தாலும்.

வீட்டில் இரண்டு பெண்கள். சின்னவளுக்கு ஒன்பது வயது. ஒரே பானை, ஒரே கரண்டி, ஒரே அளவு. சின்னவள் ஒருநாள் மூன்று முட்டையைத் தின்றுவிட்டு நாலாவதற்குக் கையை நீட்டுவாள், இன்னொருநாள் பாதியில் எழுந்து ஓடுவாள், தட்டில் மிச்சம் கிடக்கும். தின்றது எங்கே போகிறது என்று அவள் உடம்பைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பெரியவள் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கழுவி வைத்துவிட்டு, சமையலறை வாசலிலேயே நிற்பாள்.

"பசிக்குதும்மா."

"இப்பத்தானேடி சாப்பிட்ட? அது பசி இல்ல, ஆசை. போய்த் தண்ணி குடி."

ரொட்டியும் பிஸ்கட்டும் பாலும் இருக்கிற அலமாரிக்கு இஞ்சக்கா பூட்டு போட்டாள். சாவி அவள் இடுப்பில், கத்தரிக்கோலோடு சேர்ந்து தொங்கியது. ஒருதரம் சின்னவள் சாவியை உருவி அக்காவுக்கு நாலு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பேருக்கும் அடி விழுந்தது. மாடி வீட்டம்மா, "பெரியதுக்கு ஊட்டி ஊட்டிக் கெடுத்துட்டா" என்றாள். எதிர்வீட்டம்மா, "வயித்துக்குப் போடாம பூட்டி வைக்கிறா, பாவி" என்றாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இரண்டு பேச்சையும் இஞ்சக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அவள் புருஷனுக்கு வீடு வீடாக மின்சார மீட்டர் கணக்கெடுக்கிற வேலை. நாள் முழுக்கப் படியேறிப் படியிறங்கி, நம்பரைத் தவிர வேறு எதையும் அதிகம் பேசாத மனுஷன். அவர் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "விடேன். அவ வாகு அது. நமக்குத் தெரியாததா?"

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்துதான் பதில் சொன்னாள். "வாகுன்னு சொன்னா, யார் வாகும்மான்னு அடுத்த கேள்வி கேப்பா. அப்ப என்ன சொல்லுவீங்க?"

மீட்டர்காரர் எழுந்துபோய், சாத்திய கதவை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். ஏனென்றால் பெரியவள் அவர்கள் பெற்ற பிள்ளை இல்லை.

கல்யாணமாகி நாலு வருஷம் பிள்ளை இல்லாமல், வேறொரு ஊரில், ஆயிரம் மெஷின் ஓடுகிற துணிக் கம்பெனியில் இஞ்சக்கா காலர் தைத்துக்கொண்டிருந்த காலம் அது. அங்கே யாரும் யார் பெயரையும் சொல்வதில்லை. சத்தத்தில் காது கேட்காது. பக்கத்து மெஷின், எதிர் மெஷின், அவ்வளவுதான். அவளுக்குப் பக்கத்து மெஷின்காரி பெரிய உடம்புக்காரி. இரண்டு ஸ்டூலைச் சேர்த்துப் போட்டு உட்காருவாள். சூப்பர்வைசர் அவளை லாரி என்பான். "ஆமா சார், சரக்கு ஏத்தியிருக்கு, ஓரமா நில்லுங்க" என்று அவனுக்கே திருப்பிக் கொடுப்பாள். அவள் சிரித்தால் மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்.

அவளுடைய சாப்பாட்டு டப்பா இஞ்சக்காவின் டப்பாவில் பாதிதான். அதை இஞ்சக்கா மூன்று வருஷம் தினமும் பார்த்திருக்கிறாள். ஒருநாள் கேட்டதற்குப் பக்கத்து மெஷின்காரி சொன்னாள்: "எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேருந்து பசிதான். சாப்பிட்டு எந்திரிச்சாலும் பசிக்கும். எங்க அம்மா அடிச்சுப் பார்த்தா, பூட்டிப் பார்த்தா. அவளும் இப்படித்தான், அவளையும் அவ அம்மா பூட்டியிருக்கா. பசி போச்சா? உடம்புதான் போச்சா? நீ ஒல்லியா பொறந்துட்ட, பேசாம தின்னு."

பக்கத்து மெஷின்காரியின் புருஷன், அவள் வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே அவளை விட்டுவிட்டுப் போய்விட்டான். பெண் பிறந்தது. குழந்தைக்குப் பதினோராவது மாதம் நடக்கும்போது தாய்க்கு மூச்சுத் திணறல் வந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இஞ்சக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பார்த்துக்கோ" என்றாள். அவளுக்கு வேறு சொந்தம் என்று யாரும் வரவில்லை. மீட்டர்காரர் குழந்தையை முறைப்படி கோர்ட்டில் தத்து எழுதி வாங்கினார். வேறு ஊருக்கு மாற்றலும் வாங்கினார். புது ஊரில் யாருக்கும் எதுவும் தெரியாது. ஒரு வயதுக் குழந்தையோடு வந்து இறங்கிய புருஷன் பெண்சாதி, அவ்வளவுதான். நாலு வருஷம் கழித்துச் சின்னவள் பிறந்தபோது பெரியவள்மேல் இருந்த ஆசை ஒரு இழைகூடக் குறையவில்லை. அதில் பொய் கிடையாது. என்றைக்காவது இவள் கையை விட்டுப் போய்விடுவாளோ என்கிற பயம்தான் கூடியது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையல்லவா இது. குழந்தை வளர வளர, செத்துப்போனவள் அப்படியே எழுந்து வந்தாள். அதே தோள், அதே முன்கை, அதே பசி. டேப்பைப் போடும்போதெல்லாம் இஞ்சக்காவின் விரலுக்குத் தெரிந்தது. தெரியத் தெரிய வாகு என்கிற சொல்லையே அவள் வீட்டில் நுழைய விடவில்லை. வாய்மேல் பழியைப் போட்டால் கேள்வி அதோடு நின்றுவிடும். நின்றது. பழி முழுக்கப் பிள்ளைமேல் விழுந்தது.

ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் உடல் பரிசோதனை நடத்தி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்கள். குழந்தைகள் டாக்டரம்மா நிதானமாகப் பேசுகிறவர். மகளை எடை பார்த்து, உயரம் பார்த்து, கழுத்தின் பின்பக்கம் கறுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு இஞ்சக்காவைக் கேட்டார்.

"எப்பலேருந்து இப்படி இருக்கா?"

"ரெண்டு வயசுலேருந்தே டாக்டர்."

"சாப்பிட்டு முடிச்சும் பசிக்குதுன்னு சொல்லுவாளா?"

"சொல்லுவா."

"உங்க பக்கத்துலயோ வீட்டுக்காரர் பக்கத்துலயோ, சின்ன வயசுலேயே இப்படி உடம்பு வந்தவங்க யாராவது உண்டா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இதை வெச்சுத்தான் அடுத்து என்ன டெஸ்ட்னு முடிவு பண்ணணும்."

மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து தாயின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இஞ்சக்காவின் வாய்க்குள் பக்கத்து மெஷின்காரி வந்து நின்றாள், அவள் அம்மா வந்து நின்றாள், அந்த அம்மாவின் அம்மாவும் வந்து நின்றாள்.

"யாருக்கும் இல்லைங்க டாக்டர். ரெண்டு பக்கமும் ஒல்லிதான்."

டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டார். அப்படியானால் முதலில் சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்கு செய்து பார்ப்போம், மூன்று மாதம் கழித்து வாருங்கள், அப்போதும் மாற்றம் இல்லையென்றால் அடுத்த பரிசோதனைக்குப் போகலாம் என்று ஒரு தாளைக் கொடுத்தார். அதில் காலை, மதியம், மாலை, இரவு என்று கட்டம் கட்டி அளவாக எழுதியிருந்தது. ஒரு வேளையையும் விடக் கூடாது என்று அடியில் கோடு போட்டிருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் கேட்டாள். "நம்ம வீட்ல யாருமேவா இல்ல? அப்பாவோட அம்மா? உன்னோட அத்தை, பெரியம்மா? யாராவது ஒருத்தர்?"

"யாரும் இல்லடி. எத்தனை தடவை கேப்ப?"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு ஸ்டாப் தாண்டிய பிறகு, "சரிம்மா. நீ கவலைப்படாத. நான் நிறுத்திடறேன்" என்றாள்.

எதை நிறுத்தப்போகிறாள் என்று இஞ்சக்கா கேட்கவில்லை. பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தாள்.

பத்து வாரத்தில் பதினோரு கிலோ இறங்கியது. இஞ்சக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மகளின் ஸ்கர்ட்டை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாள். பிடித்த துணியைக் கடையில் எல்லாருக்கும் காட்டினாள். "பார்த்தீங்களா, வாயைக் கட்டினா எல்லாம் கட்டும்." எல்லாரும் மெச்சினார்கள். மகள் மூலை ஸ்டூலில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் கோக்க அவளுக்கு நாலைந்து தடவை ஆயிற்று. அதைக் கண்டுபிடிக்க அங்கே யாருக்கும் கண் இல்லை. தாய்க்கும் இல்லை. ஊரார் பிள்ளைக்கெல்லாம் அரை இஞ்சு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறவள்தான்.

ஒரு வியாழக்கிழமை காலை, பள்ளிக்கூட வாட்ச்மேன் தெருவைக் கடந்து ஓடி வந்தார். "அக்கா, உங்க பெரிய பொண்ணு பிரேயர்ல விழுந்துடுச்சு. பேச்சு மூச்சு இல்ல."

அவள் கழுத்தில் டேப்போடு ஓடினாள். ஆம்புலன்ஸில் மகளின் கையைத் தேய்த்துக்கொண்டே போனாள். அந்தக் கை ஜில்லென்று இருந்தது.

குளுக்கோஸ் ஏறி மகள் கண் திறந்ததும் அதே டாக்டரம்மா வந்தார். இஞ்சக்காவைத் திரைக்கு வெளியே நிற்கச் சொன்னார். திரை துணிதானே, பேச்சு கேட்டது.

"கடைசியா எப்பம்மா சாப்பிட்ட?"

"முந்தாநாள் காலையில."

"அதுக்கு முன்னாடி?"

"ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுவேன். டப்பாவைப் பிரெண்டுக்குக் கொடுத்துடுவேன். வீட்ல கேட்டா, ஸ்கூல்லயே தின்னுட்டேன்னு சொல்லிடுவேன்."

"பசிக்கலையா?"

"பசிக்கும். எப்பவும் பசிக்கும் டாக்டர். ஆனா எனக்கு வர்றது நிஜப் பசி இல்ல. ஆசை. எங்கம்மா சொல்லியிருக்கு. எங்க வீட்ல எல்லாரும் ஒல்லி. நான் மட்டும்தான் அடங்காதவ. அடங்கிட்டா சரியாயிடும்னு பார்த்தேன்."

திரைக்கு வெளியே இஞ்சக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். தன்மேல் அவளுக்கு வந்த வெறுப்பை எந்த இஞ்சு டேப்பாலும் அளக்க முடியாது. செத்துப்போனவளுக்குச் சோற்றைப் பூட்டி வைத்த அவள் அம்மாவின் கையும் தன் கையும் ஒரே கைதான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த அம்மாவாவது வேறு வழி தெரியாமல் பூட்டினாள். தான் எல்லாம் தெரிந்தே பூட்டினோம்.

டாக்டரம்மா அறைக்குத் திரும்பியபோது இஞ்சக்கா பின்னாலேயே போனாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரி. நானும் முதல் நாளே டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கணும். ரெண்டு வயசுலேருந்துன்னு சொன்னப்பவே யோசிச்சேன், வீட்ல யாருக்கும் இல்லன்னதும் தள்ளிப் போட்டேன். இப்ப அனுப்பிடுவோம். அவ ரத்தம் மட்டும் போதும்."

மீட்டர்காரர் சீருடையோடு வந்து சேர்ந்தார். வராந்தாவில் வைத்து அவள் நடந்ததைச் சொன்னாள். மகளிடமும் சொல்லப்போவதாகச் சொன்னாள்.

"டாக்டர்கிட்ட சொல்லியாச்சுல்ல? அது போதாதா?" என்றார் அவர். "அவகிட்ட எதுக்கு? அவ நம்மள விட்டுப் போயிட்டா என்ன பண்றது?"

"உள்ள அவ என்ன சொன்னான்னு நீங்க கேக்கல. நான் கேட்டேன்." இஞ்சக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போனா போறா. உசிரோட போகட்டும்."

மறுநாள் மதியம், பார்வையாளர் நேரத்தில், கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்து அவள் மகளிடம் சொன்னாள். சுற்றிவளைக்கவில்லை. துணிக் கம்பெனி, பக்கத்து மெஷின், மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி, கோர்ட் காகிதம், எல்லாம் சொன்னாள். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு யாரோ ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சொல்லி முடித்துவிட்டு இஞ்சக்கா காத்திருந்தாள். நீ என் அம்மா இல்லையா என்று கேட்பாள், அழுவாள், கையை உதறுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தாள். மகள் கேட்டது வேறு.

"அவங்க எப்படி இருந்தாங்க?"

"உன்னை மாதிரி."

"முகமா?"

"முகம், தோள், கை, எல்லாம். உன்னைவிடப் பெரிய உடம்பு. நல்லாச் சிரிப்பா."

"நிறைய சாப்பிடுவாங்களா?"

"இல்லடி. என் டப்பாவுல பாதிதான் சாப்பிடுவா. ஆனா எப்பவும் பசிக்குதுன்னு சொல்லுவா. அவ அம்மாவும் அப்படித்தானாம்."

மகள் கையில் ஒட்டியிருந்த ஊசியைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அதுவரை அவள் தாயை நீ, வா, போ என்றுதான் பேசிப் பழக்கம். அடிவாங்கியபோதுகூட நீதான். இப்போது உங்களுக்கு என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. அறிமுகமில்லாத ஒரு பெரியவரிடம் பேசுவதைப் போல மரியாதையாகச் சொன்னாள்.

"தெரியும்."

"நான் பசிக்குதுன்னு வந்து நிக்கும்போதெல்லாம் தெரியுமா?"

ஒரு பொய் சொல்லிவிட்டால் போதும், மகள் மனசில் தனக்குக் கொஞ்சம் இடம் மிஞ்சும் என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. சொல்லவில்லை.

"தெரியும்."

மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் எதற்கும் முரண்டு பிடிக்கவில்லை. தாளில் எழுதியபடி வேளைக்குச் சாப்பிட்டாள். தங்கையோடு சிரித்தாள். அப்பாவை அப்பா என்றாள், நீ என்றாள். தாயிடம் மட்டும், "தண்ணி எடுத்துக்கட்டுமா? நீங்க சாப்பிட்டீங்களா?" என்று விருந்தாளி மாதிரி கேட்டாள். மீட்டர்காரர் அலமாரிப் பூட்டைக் கழற்றிக் குப்பையில் போட்டார். கடையில் ஒருத்தி பழைய ஞாபகத்தில், "இப்ப வாயைக் கட்டிட்டா போல" என்று சொல்ல வாயெடுத்தபோது, இஞ்சக்கா அவள் துணியை மடித்து அவள் கையிலேயே கொடுத்து, வேறு கடை பார்த்துக்கொள்ளச் சொன்னாள். மகள் அதையும் ஸ்டூலிலிருந்து பார்த்தாள். அடுத்த பட்டனை எடுத்தாள்.

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. மூன்று பேரும் போனார்கள். டாக்டரம்மா நாற்காலியை மகள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு அவளிடம்தான் பேசினார்.

"நம்ம எல்லார் உடம்புலயும் பசியையும் எடையையும் கொஞ்சம் கொஞ்சம் இழுக்குற ஜீன் நூத்துக்கணக்குல இருக்கு. நிறையப் பிள்ளைங்களுக்கு அதெல்லாம் சேர்ந்து ஒரு பக்கமா லேசா சாய்ச்சு விடும், அவ்வளவுதான். அப்புறம் வீடு, சாப்பாடு, ஓட்டம், தூக்கம் எல்லாம் சேர்ந்துதான் உடம்பு. உன்னோடது கொஞ்சம் வேற. வயிறு நிறைஞ்சதும் மூளைக்குப் போதும்னு ஒரு சேதி போகணும். அந்தச் சேதியைக் கேக்குற இடத்துல, உன் ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. சேதி போகுது, அங்க சரியாக் கேக்கல. உன்னைப் பெத்தவங்ககிட்டேருந்து வந்திருக்கலாம். அவங்களைச் சோதிக்க வழியில்லாததால அடிச்சுச் சொல்ல மாட்டேன்."

"அப்போ எனக்கு வர்ற பசி?"

"நிஜம்."

"நிஜமாவா?"

"நிஜமான பசி. நீ சொன்னது ஒண்ணுகூடப் பொய் இல்ல."

மகளின் முகம் கோணியது. ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோது அழாதவள், பெற்றவள் யார் என்று தெரிந்தபோது அழாதவள், இப்போது முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதாள். மீட்டர்காரர் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். இஞ்சக்கா கையை நீட்டிவிட்டு, தொடலாமா என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா மேலே சொன்னார். இதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். மற்றவர்கள் சமதரையில் தள்ளுகிற வண்டியை இவள் மேட்டில் தள்ள வேண்டும், ஆனால் தள்ள முடியும். பட்டினி கூடாது, பூட்டு கூடாது, திட்டு கூடவே கூடாது. வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி சாப்பிட வேண்டும். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு என்று இங்கே மாதம் இருமுறை ஒரு சிகிச்சைக் குழு கூடுகிறது, அதில் சேர்த்துக்கொள்கிறோம், கூட ஒரு பெரியவர் தவறாமல் வர வேண்டும் என்றார்.

குழுவில் பெயர் எழுத வெளியே ஒரு கவுண்டர். மீட்டர்காரர் மருந்து வாங்க வரிசையில் நின்றார். தாயும் மகளும் பெஞ்சில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"பெத்தது நீங்க இல்லன்னு சொன்னப்ப எனக்கு அவ்வளவா வலிக்கல" என்றாள் மகள், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு. "தெரிஞ்சும் பசி இல்ல, ஆசைன்னு சொன்னீங்களே, அதுதான் போக மாட்டேங்குது."

இஞ்சக்காவிடம் சாக்குகள் இருந்தன. பயம் இருந்தது, பாசம் இருந்தது, செத்தவளுக்குக் கொடுத்த வாக்கு இருந்தது. ஒன்றையும் எடுக்கவில்லை.

"தப்பு பண்ணிட்டேன்" என்றாள். "உன்மேல ஒரு தப்பும் இல்ல. என்மேலதான்."

மகள் தலையை ஆட்டினாள். அது மன்னிப்பு இல்லை. கேட்டுக்கொண்டேன் என்பதற்கு மட்டும்தான்.

கவுண்டரில் கூப்பிட்டார்கள். எழுத்தர் தாளை நீட்டி, மகளின் பெயர், வயது எல்லாம் நிரப்பச் சொன்னார். கடைசியில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்றில் தாய் என்றும், மற்றதில் காப்பாளர் என்றும் அச்சடித்திருந்தது. எழுத்தர் ஏதோ ஒன்றில் கையெழுத்துப் போடுங்கள் என்றார். இஞ்சக்கா பேனாவை வாங்கி, காப்பாளர் என்ற கட்டத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். அதற்குமேல் கேட்க இனித் தனக்கு உரிமை இல்லை என்றுதான் அவள் நினைத்தாள்.

மகள் தாளைப் பிடித்து இழுத்தாள். விரலை மற்றக் கட்டத்தில் வைத்தாள்.

"இங்க போடுங்க" என்றாள். "அந்த இடத்துக்கு வேற யாரு இருக்கா?"

இஞ்சக்கா போட்டாள். பெயரின் பாதி கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. வேறு தாள் வேண்டுமா என்று கேட்டாள். எழுத்தர் பார்த்துவிட்டு, இதுவே போதும் என்று வாங்கி வைத்துக்கொண்டார்.